சிவப்பு மை விழாத வாரம்

ஆறரை என்றால் ஆறரைதான். ஆறு இருபத்தொன்பதும் இல்லை, ஆறு முப்பத்தொன்றும் இல்லை. பஸ் டிப்போவில் முப்பத்து நான்கு வருஷம் டைம்கீப்பராக இருந்த மனுஷனுக்கு உலகத்தில் தெரிந்த ஒரே நியாயம் அதுதான். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று நீல மையில் எழுதுவார். தாமதத்தை மட்டும் சிவப்பு மையில். கெஞ்சினாலும் சரி, காலில் விழுந்தாலும் சரி, எழுதின சிவப்பை அவர் அடித்ததே கிடையாது. அவர் ரிட்டையர் ஆன அன்று டிப்போவில் நிறைய பேர் கண்கலங்கினார்கள். அதில் பாதிப் பேர் சந்தோஷத்தில்தான் கலங்கினார்கள்.

அப்பேர்ப்பட்டவரைப் பக்கவாதம் வந்து படுக்கையில் போட்டுவிட்டது. ஏழு மாதம் ஆகிறது. வலது கையும் காலும் போயின, விழுங்குவது பாதி போனது, இதயம் முன்பே பலவீனம். பேச்சு கொஞ்சம் குழறும். ஆனால் திட்டும்போது மட்டும் ஒரு எழுத்துகூடக் குழறாது, அது என்ன கணக்கோ. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார். கட்டிலோரம் ஒரு நோட்டு, நீலப் பேனா, சிவப்புப் பேனா, பழைய கைக்கடிகாரம். டிப்போ போய்விட்டது, வண்டிகளும் போய்விட்டன. கண்காணிக்க மிச்சம் இருந்த ஒரே வண்டி மாப்பிள்ளைதான்.

மாப்பிள்ளை செருப்புக் கடையில் விற்பனையாளர். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் பாதத்தைப் பிடித்துப் பிடித்துப் பொறுமையே உருவாகிவிட்ட ஆள். பதினோரு ஜோடி போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து போகிறவரையும் வாசல் வரை வந்து வழியனுப்புவார். இந்தக் குணம் கடைக்கு நல்லது, கடிகாரத்துக்கு ஆகாது. பிறந்ததே பத்து நாள் தாமதமாகத்தானாம், அவர் அம்மா சொல்வார். அந்தப் பழக்கத்தை இன்றுவரை விடவில்லை.

மாமனார் வீடு இரண்டு தெரு தள்ளி. அத்தைக்கு மூட்டுவலி, கனத்த உடம்பைப் புரட்ட முடியாது. பெண்டாட்டி பள்ளிக்கூட டீச்சர், ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவாள், மற்ற நேரமெல்லாம் அவள் பொறுப்பு. அதனால் காலை வேலை மாப்பிள்ளை தலையில் விழுந்தது. ஆறரைக்கு வந்து மாமனாரைத் தூக்கி உட்காரவைத்து, பல் தேய்த்துவிட்டு, பக்கம் மாற்றிப் படுக்கவைத்து, சளி கட்டாமல் இருக்க முதுகைத் தட்டி, டீ கொடுக்க வேண்டும். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வருகிற நேரம்தான் சந்தி சிரித்தது.

"வாங்க மாப்ளே, உக்காருங்க. பதினேழு நிமிஷம்." மரியாதைக்கு ஒரு குறைவும் வராது. வாங்க, போங்க என்றுதான் பேசுவார். பேசிக்கொண்டே சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றுவார். அந்தச் சத்தம் கேட்டாலே மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிடும்.

அதற்குக் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தோறும் பெண்டாட்டி நோட்டைப் புரட்டுவாள். டைம்கீப்பர் பெற்ற பெண் அல்லவா, பார்வை அப்படியே அப்பன் பார்வை. "இந்த வாரம் அஞ்சு சிவப்பு. எங்கப்பாவுக்குன்னா உங்களுக்கு இளக்காரம்." அத்துடன் அந்த ஞாயிறு நாசம்.

இந்த இரண்டு பேரையும் தவிர மாப்பிள்ளைக்கு மூன்றாவதாக ஒரு பயம் இருந்தது. அது வாரம் ஒரு முறை ஸ்கூட்டரில் வந்து இறங்கும் சிஸ்டர். ரொம்ப முடியாதவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிற குழுவைச் சேர்ந்தவர். ஆள் நாலரை அடி, பை ஐந்தடி. முதல் நாளே மாப்பிள்ளையைத் தலையணை ஒன்றைத் தட்டிக் காட்டச் சொன்னார். அவர் தட்டின தட்டில் பஞ்சு வெளியே வந்தது.

"செருப்புல தூசி தட்டுறீங்களா? உள்ளங்கையைக் குழிச்சுக்கோங்க. தண்ணி அள்ளுற மாதிரி. முதுகெலும்பு மேல வேணாம், ரெண்டு பக்கமும் விலாவுல. சத்தம் டொப்புன்னு வரணும், சடீர்னு வரக் கூடாது."

அப்புறம் டீ விஷயத்துக்கு வந்தார். பக்கவாதம் வந்தவருக்குத் தண்ணியாக இருப்பது எதுவும் ஆபத்து, வயிற்றுக்குப் போக வேண்டியது வழிதவறி நெஞ்சுக்குள் போய்விடும், நுரையீரலில் சளி கட்டி நிமோனியாவில் கொண்டுபோய் விடும் என்றார். அதனால் டீயோ தண்ணீரோ அவர் கொடுத்த பொடியைக் கலந்து கெட்டியாக்கி, நேராக உட்காரவைத்து, தாடையை நெஞ்சோடு சேர்த்து வைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகும் அரை மணி நேரம் சாய்க்கக் கூடாது. "அப்புறம் இதக் கேட்டுக்கோங்க. வயசானவங்களுக்கு நிமோனியான்னா காய்ச்சல் வந்துதான் ஆகணும்னு இல்ல. மூச்ச எண்ணுங்க, முழுசா ஒரு நிமிஷம். இருபத்தஞ்சத் தாண்டுனா எனக்குப் போன் பண்ணுங்க. சும்மா சும்மா தூங்குனா, பேச்சு தடுமாறுனா, ஆளே மாறிட்ட மாதிரி இருந்தா, அப்பவும் பண்ணுங்க."

எல்லாவற்றுக்கும் மாப்பிள்ளை தலையாட்டினார். டைம்கீப்பர் மட்டும் அந்தக் கெட்டி டீயை ஒரு ஸ்பூன் வாயில் வாங்கிவிட்டு, "இது டீயா, இல்ல போஸ்டர் ஒட்டுற பசையா?" என்று கேட்டார். அன்றிலிருந்து தினமும் கேட்டார்.

ஒரு திங்கட்கிழமை மாப்பிள்ளை இருபத்திரண்டு நிமிஷம் தாமதமாக வந்தார். அந்த வாரம் தொடங்கும்போதே சிவப்பு. அவர் முகம் தொங்கிப்போனதைப் பார்த்த டைம்கீப்பர் பேனா மூடியைக் கழற்றாமல் ஒரு நிமிஷம் யோசித்தார். அத்தை குளிக்கிற சத்தம் கேட்டது.

"மாப்ளே, ஒரு டம்ளர் டீ. பசை வேணாம். சூடா, தண்ணியா, டீ மாதிரி டீ."

"ஐயோ மாமா, சிஸ்டர் என்னைக் கொன்னுடுவாங்க."

"சிஸ்டர் வியாழக்கெழமதான் வருவா. நான் இந்தப் பேனாவ இப்பவே தொறப்பேன்."

முப்பத்து நான்கு வருஷம் எவனுக்கும் அசையாத மனுஷன் ஒரு டம்ளர் டீக்கு விலை போனார். மாப்பிள்ளை மட்டும் என்ன, அவரும்தான் விலை போனார். ஏழு மாதமாகப் பசையைத் தின்கிறவர் ஆயிற்றே என்று மனசு இளகியதும் உண்மை, ஞாயிற்றுக்கிழமையை நினைத்ததும் உண்மை. எது எத்தனை பங்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. டீ போட்டுக் கொடுத்தார். டைம்கீப்பர் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார், இருமினார், மறுபடி உறிஞ்சினார். நோட்டில் நீல மையில் எழுதினார்: மாப்பிள்ளை வருகை 6.30.

செவ்வாயும் அதே. புதனும் அதே. ஒவ்வொரு டம்ளருக்கும் இருமல் கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தது. அந்த வாரம் பார்த்து சிஸ்டருக்கு வேறு பக்கம் வேலை, திங்கட்கிழமைதான் வர முடியும் என்று தகவல் வந்தது. மாப்பிள்ளை நிம்மதிப் பெருமூச்சு விட்டார். மடையன், வேறென்ன சொல்வது.

வியாழக்கிழமை டைம்கீப்பர் குரலில் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு கொழகொழப்பு. பாதி டம்ளரோடு போதும் என்றுவிட்டார். வெள்ளிக்கிழமை நாளெல்லாம் தூங்கினார். வீட்டில் அப்படியொரு அமைதி வந்தது. டிவி சத்தத்தைக் குறை என்று யாரும் கத்தவில்லை. குக்கர் ஏன் நாலு நிமிஷம் முன்னாடி விசில் அடித்தது என்று யாரும் விசாரிக்கவில்லை.

சனிக்கிழமை மாப்பிள்ளை நாற்பது நிமிஷம் தாமதம். எந்தக் காரணமும் இல்லை, தூங்கிப்போய்விட்டார், அவ்வளவுதான். ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தால் பெண்டாட்டி அங்கே நிற்கிறாள். பள்ளிக்கூடம் லீவு. அத்தை அடுப்படியில். டீக்கு வழியே இல்லை. செத்தோம் என்று நினைத்துக்கொண்டு கட்டில் பக்கம் போனார்.

டைம்கீப்பர் மெதுவாகக் கண் திறந்தார். "வந்துட்டீங்களா? பரவால்ல, பரவால்ல. அவசரமில்ல." மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளைக்குக் காதை நம்ப முடியவில்லை. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நேத்து என்னப் பாத்து நீ சாப்டியான்னு கேட்டாரு மாப்ளே. கல்யாணம் ஆகி நாப்பத்தோரு வருஷம். இன்னிக்கு வரைக்கும் ஏன் லேட்டுன்னுதான் கேட்டுருக்காரு. மனுஷன் திருந்திட்டாரு."

"காய்ச்சல் பாத்தேன்," என்றாள் பெண்டாட்டி. "இல்ல. நல்லா தூங்கட்டும்னு தலமாட்டுல இருந்த தலகாணிய எடுத்துட்டு நேரா படுக்க வச்சிருக்கேன்." நோட்டை அவள் ஒரு நாள் முன்கூட்டியே பார்த்துவிட்டிருந்தாள். "திங்கள்லருந்து வெள்ளி வரைக்கும் ஒரு சிவப்பு கூட இல்ல. பரவால்லையே நீங்க." கல்யாணத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்தது இதுதான் முதல் தடவை. மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துபோனது. மாமனார் பேசின பேச்சுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறார், மனுஷன்னா இப்படி இருக்கணும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தக் குளிர்ச்சி ஐந்து நிமிஷம் நின்றது. அதற்குப் பிறகு ஏதோ ஒன்று நெருடியது. டீ கொடுக்கவே இல்லையே. ரகசியமாகக் கண்ணைக் காட்டிக்கூட அவர் கேட்கவில்லையே. சரக்கு வராமல் பேரத்தைக் காப்பாற்றுகிற ஆளா இவர்?

நோட்டை எடுத்தார். சனிக்கிழமைப் பக்கத்தைப் பெண்டாட்டி பார்த்திருக்கவில்லை. இடது கை எழுத்து கோடு தாண்டிச் சரிந்து சரிந்து போயிருந்தது. 12ஆம் எண் வண்டி வெளியே 5.10. 31ஆம் எண் வண்டி வெளியே 5.25. 8ஆம் எண் வண்டி வெளியே. நேரம் போடவில்லை. அதற்குக் கீழே இன்னும் ஏழெட்டு வண்டிகள், எதற்கும் நேரம் இல்லை. நேரம் போடாமல் டைம்கீப்பர் ஒரு வண்டியை வெளியே விட்டிருக்கிறார். எல்லா வண்டியும் போய்க்கொண்டே இருந்தது, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

ஆளே மாறிட்ட மாதிரி இருந்தா. சிஸ்டர் சொன்னது மண்டையில் அறைந்தது.

மாமனாரின் கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தார். சட்டையை விலக்கினார். வயிறு ஏறி இறங்கியதை எண்ணினார். பாதியில் பயத்தில் எண்ணிக்கை தப்பியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். முப்பத்து நான்கு. சிஸ்டருக்குப் போன் போட்டார், அவசரத்தில் ஸ்பீக்கரையும் சேர்த்து அமுக்கிவிட்டார்.

"மொதல்ல தூக்கி உக்கார வைங்க. முதுகுக்கு மூணு தலகாணி. ஜன்னலத் தொறங்க, ஃபேன் காத்து முகத்துல படட்டும். நான் வர்ற வரைக்கும் வாய்க்கு ஒரு சொட்டு கொடுக்கக் கூடாது." சிஸ்டரின் குரல் ஊருக்கே கேட்டது. "நாலஞ்சு நாளா குடிக்கறதுல எதாவது மாத்துனீங்களா?"

மாப்பிள்ளை பெண்டாட்டியைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். இல்லை சிஸ்டர் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஆனால் கையில் அந்தக் கடிகாரம் இருந்தது.

"டீ கொடுத்தேன் சிஸ்டர். பொடி கலக்காம. திங்கள்லருந்து வியாழன் வரைக்கும். தெனம் ஒரு டம்ளர்."

"எதுக்கு?"

"லேட்டுன்னு எழுதாம இருக்க."

பெண்டாட்டி நோட்டைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். நோட்டை மூடி வைத்துவிட்டு, தான் எடுத்த தலையணையைக் கொண்டுவந்து அப்பா முதுகுக்குக் கொடுத்தாள்.

சிஸ்டர் இருபது நிமிஷத்தில் வந்தார். விரலில் சின்னக் கருவியை மாட்டினார், ஆக்சிஜன் எண்பத்தேழு என்று காட்டியது. முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, வலது பக்கம் கீழே நிமோனியா என்றார். அவர் கூப்பிட்டதும் அந்தக் குழுவின் டாக்டரும் வந்துவிட்டார். சுற்றி வளைக்காமல் பேசினார். "இந்த உடம்புக்கு இது பெரிய அடி. நாப்பத்தெட்டு மணி நேரம் போனாத்தான் தெரியும். பொழைக்காமலும் போகலாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா மெஷின்ல போடணும்னு வரலாம். அவருக்கு என்ன இஷ்டம்னு என்னிக்காவது சொல்லியிருக்காரா?"

சொல்லியிருந்தார். எழுதியே வைத்திருந்தார். நோட்டின் முதல் பக்கத்தில், நீல மையில்: தொண்டைக்குள் குழாய் கூடாது. ஊசி, மருந்து, காற்று சரி. என் கட்டிலில் இருப்பேன். எழுதிய நேரம் காலை 10.14.

டாக்டர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். "நேரமும் போட்டுருக்காரு" என்றார். அப்படியே வீட்டிலேயே வைத்தியம் என்று முடிவானது. ஆக்சிஜன் மெஷின் வந்தது, கையில் ஊசி ஏறியது. மூச்சு முட்டினால் கஷ்டம் தெரியாமல் இருக்கவும் சிஸ்டர் மருந்து வைத்திருந்தார்.

அந்த இரண்டு நாள் மாப்பிள்ளை கடைக்குப் போகவில்லை. எட்டு மணிக்கு இடது பக்கம். பத்து மணிக்கு வலது பக்கம். பன்னிரண்டுக்கு நிமிர்த்தி. உள்ளங்கையைக் குழித்து டொப், டொப் என்று தட்டினார். வாயை ஈரத்துணியால் துடைத்துவிட்டார். மூச்சை எண்ணி எழுதினார்: முப்பத்து நான்கு, முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று. ஒரு தடவை பக்கம் மாற்ற மூன்று நிமிஷம் பிந்திவிட்டது. சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கழற்றி, தன் கையாலேயே எழுதிக்கொண்டார்: தாமதம் 3.

ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டி நோட்டை எடுத்தாள். அந்த வரியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நான் இந்த நோட்ட எடுத்துக்கிட்டு ஆடுன ஆட்டம்தான் இதுக்கெல்லாம் காரணம்," என்றாள். "தலகாணிய எடுத்தவளும் நான்தான்." அப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து அப்பாவைப் பக்கம் மாற்றினார்கள்.

"மாமா, திட்டுங்க," என்று காதோரம் கெஞ்சினார் மாப்பிள்ளை. "அன்னிக்கு நாப்பது நிமிஷம் மாமா. எழுதவே இல்லையே நீங்க." மெஷின் மட்டும் புஸ் புஸ் என்றது.

திங்கட்கிழமை மத்தியானம் எண்ணிக்கை இருபத்தாறுக்கு இறங்கியது. மாப்பிள்ளை நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினார். எண்ணி முடிப்பதற்குள் டைம்கீப்பர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"டீ," என்றார்.

அத்தை சிரித்துக்கொண்டே அழுதார். பெண்டாட்டி மாப்பிள்ளையைப் பார்த்த பார்வையில் அவர் இரண்டடி பின்னால் போனார். சாயங்காலம் சிஸ்டர் வந்து, விழுங்குவதைச் சோதித்துப் பார்த்து, தாடையை நெஞ்சோடு சேர்த்து, கெட்டி டீயை அரை ஸ்பூன் கொடுத்தார். டைம்கீப்பர் நாக்கைச் சப்பினார். "பசை." அந்த வீட்டில் யாரும் எந்தப் பாராட்டுக்கும் அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது.

ஆனால் மாப்பிள்ளைக்கு மனசு அடங்கவில்லை. ஒரு வாரம் போனது. ஆக்சிஜன் மெஷினைத் திருப்பி எடுத்துப் போனார்கள். மூச்சு இருபது. ஆனால் மனுஷன் இன்னும் ஒரு தடவைகூட நோட்டைக் கேட்கவில்லை. பேனாவைத் தொடவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், கொடுத்ததைச் சாப்பிட்டார். பழைய டைம்கீப்பர் திரும்பி வந்துவிட்டாரா, இல்லை அவரும் அந்த எட்டாம் எண் வண்டியிலேயே போய்விட்டாரா? இதைச் சொல்லுகிற கருவி சிஸ்டர் பையிலும் இல்லை. மாப்பிள்ளை தினமும் ஆறரைக்கு டாணென்று வந்து நின்றதால் சோதித்துப் பார்க்கவும் வழி இல்லை.

அதனால் மறுநாள் காலை ஒரு வேலை செய்தார். ஆறு இருபத்தைந்துக்கே வாசலுக்கு வந்துவிட்டார். உள்ளே போகவில்லை. சுவரோரம் நின்றார். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, என்ன சார், வீட்ல சண்டையா என்று விசாரித்துவிட்டுப் போனார். ஆறரை ஆனது. கால் தானாக உள்ளே போகப் பார்த்தது, அடக்கிக்கொண்டு நின்றார். ஆறு முப்பத்திரண்டுக்கு உள்ளே நுழைந்தார். மூச்சை எண்ணியிருந்தால் அவருக்குத்தான் முப்பத்து நான்கு இருந்திருக்கும்.

டைம்கீப்பர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு. பேனா மூடி பல்லுக்கு நடுவில் இருந்தது.

"வாங்க மாப்ளே. உக்காருங்க."

"ரெண்டு நிமிஷம் லேட்டு மாமா," என்றார் மாப்பிள்ளை.

"யாரு சொன்னா லேட்டுன்னு? உங்க செருப்புச் சத்தம் வாசல்ல ஆறு இருவத்தஞ்சுக்கே கேட்டுச்சு. ஏழு நிமிஷம் அங்க என்ன பண்ணீங்க? ஷெட்டுக்கு வெளிய வண்டிய நிறுத்திட்டு அரட்டை அடிக்கிற டிரைவரெல்லாம் நான் எத்தன பேரப் பாத்துருக்கேன்." ஒரு எழுத்துகூடக் குழறவில்லை. சொல்லிக்கொண்டே சிவப்பு மையில் எழுதி நோட்டைத் திருப்பிக் காட்டினார்: வருகை 6.25. வாசலில் வீணாக நின்றது 7 நிமிடம்.

மாப்பிள்ளை அதை இரண்டு தடவை படித்தார். மேலே பார்த்தால் டீ குடித்த வாரம் திங்கள் முதல் சனி வரை, விட்டுப்போன தாமதம் அத்தனையும் ஒழுங்காகச் சிவப்பில் ஏறியிருந்தது. சனிக்கிழமைக்கு நேரே நாற்பது. அதற்கும் கீழே, இடது கை எழுத்தில், புதிதாக ஒரு வரி: டைம்கீப்பர் பணிக்குத் தாமதம், பதினோரு நாள். காரணம் டீ.

கட்டில் காலடியில் உட்கார்ந்து மாப்பிள்ளை வாய்விட்டு அழுதார். டைம்கீப்பர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அழுறதெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். முதுகு தட்ட நேரமாச்சு," என்றார்.